மூட்டு மாற்றுச் சிகிச்சையும் வெயில் தரும் சத்தும்

(நமது அறநிலைய மண்டபத்தில் முதியோர் நல நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நான் சிறு வயதில் கோயில் நிகழ்ச்சிகளுக்குப் போனால் எல்லோரும் தரையில் பாய் விரித்து அமர்வோம். நாற்காலி என்றால் அது மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். இன்று இங்கே முதலில் நிரம்பியது சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகள். கீழே உட்கார ஆசை இல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம். சாமி கும்பிட வந்த இடத்தில்கூட நம்மவர்களின் மனம் பாதி சாமியிடமும் பாதி முழங்காலிடமும் இருக்கிறது.

நான் மருத்துவர் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைப் பிசியோதெரபிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களை எழுப்பி நிறுத்தி நடக்க வைப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் என் தவறும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த உரையால் பயன் இல்லை என்பதால் அதையும் சொல்கிறேன்.

புது மூட்டு தானாக நடக்காது

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நம் காலத்தின் பெரிய வரங்களில் ஒன்று. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1962ஆம் ஆண்டு உலோகத்தையும் உறுதியான பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கையும் இணைத்து இடுப்பு மூட்டை மாற்றிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அதே வழி முழங்காலுக்கும் வந்தது. தேய்ந்துபோன எலும்பின் முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, தொடை எலும்பின் நுனிக்கு உலோக உறை, கால் எலும்பின் தலைக்கு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழுக்கிச் செல்ல ஒரு பிளாஸ்டிக் துண்டு. பெரும்பாலும் எலும்புச் சிமெண்டு கொண்டு இவற்றை ஒட்டிவிடுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிறுத்திவிடுவோம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மருத்துவர் மாற்றுவது மூட்டை மட்டுமே. அந்த மூட்டைத் தாங்கும் எலும்பு உங்களுடையது. அதை அசைக்கும் தசையும் உங்களுடையது. கதவுக்குப் புதுக் கீல் போட்டாலும் நிலையும் பலகையும் உளுத்துப்போயிருந்தால் கதவு நிற்குமா? முழங்கால் அறுவைக்குப் பிறகு முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதைப் பயிற்சியால் மெல்ல மெல்லத் திரும்பப் பெறவேண்டும். பலருக்கு மூன்று மாதத்தில் நல்ல நடை வந்துவிடும். முழுமையாகத் தேற ஓர் ஆண்டு ஆகலாம். அறுவை முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நினைத்த அளவு சுகம் கிடைக்கவில்லை என்கிறார்கள். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் எளிதில் திருத்திவிடக்கூடியதாக இருக்கும் ஒன்றைப் பற்றியதுதான் என் பேச்சு. அதுதான் வைட்டமின் டி குறைவு.

என் அக்காவின் கதை

என் அக்கா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பதினாறு வயதில் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தவர். விடியுமுன் மரம் சீவி, பால் எடுத்து, ஸ்டோரில் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் லயத்துக்கு நடந்து வருவார். விறகு பொறுக்குவதும் துணி துவைத்துக் காயப்போடுவதும் காய்கறித் தோட்டம் போடுவதும் எல்லாம் வெயிலில்தான். அவர் உழைத்ததால்தான் நான் படித்தேன்.

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அக்கா பட்டணத்துக்கு வந்தார். அடுக்குமாடி வீடு. ஒன்பதாம் மாடி. முழங்கால் வலி வந்தது. வலிக்குப் பயந்து கீழே இறங்குவதை விட்டார். வெளியே போனால் காரில் ஏறி, காரில் இறங்கி, மீண்டும் நிழலுக்குள். சைவம் எடுத்துக்கொண்டதால் மீன் முட்டையும் இல்லை. இப்படியே எட்டு ஆண்டுகள்.

2017ஆம் ஆண்டு, அறுபத்தேழாம் வயதில், வலது முழங்காலை மாற்றுவது என்று முடிவாயிற்று. அறுவைக்கு முந்திய பரிசோதனைகளின்போது மருத்துவர், "வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடலாமா? தனிக் கட்டணம் ஆகும்" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர், நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? இவர் தோட்டத்தில் வெயிலிலேயே வளர்ந்தவர், அது வேண்டாம்" என்றேன். மருத்துவம் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு. மருத்துவரும் வற்புறுத்தவில்லை.

அறுவை நன்றாக நடந்தது. காயம் ஆறியது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு அச்சுப்போல் இருந்தது. ஆனால் ஆறு வாரம் ஆகியும் அக்காவால் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. படி ஏற முடியவில்லை. வாத்து நடப்பதுபோல் இருபுறமும் ஆடி ஆடி நடந்தார். அறுவை செய்யாத காலிலும் எலும்பு வலிக்கிறது என்றார். நான் கோபித்துக்கொண்டேன். பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லை, சோம்பல், பயம் என்று பேசினேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "நீ சொல்றத செய்யாம இல்ல தங்கச்சி. காலு எழும்ப மாட்டேங்குது."

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி அளவு 9 நானோகிராம். 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். 12க்குக் கீழே போனால் எலும்பும் தசையும் கெடும் அபாயம் உண்டு. என் அக்காவுக்கு 9. மூன்று மாதமாக நான் சோம்பல் என்று திட்டியது, சத்து வற்றிப்போன ஓர் உடம்பை.

வெயிலிலிருந்து எலும்புக்கு

வைட்டமின் டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரிய ஒளியில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது, தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டியாக மாறத் தொடங்குகிறது. அது இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் பெறுகிறது. இரத்தப் பரிசோதனையில் அளப்பது இந்த நிலையில் உள்ளதைத்தான். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் பெற்று முழு ஆற்றல் அடைகிறது. நாம் சாப்பிடும் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள இதுவே துணை. இது குறைந்தால் பாலும் கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் சுண்ணாம்பு உடலில் போதிய அளவு சேராது. குழந்தைகளுக்கு இந்தக் குறைவு முற்றினால் கால் வளையும். பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிப் போகும், தொடையும் இடுப்பும் பலம் இழக்கும்.

கவனியுங்கள். நாற்காலியிலிருந்து எழ முடியாமை, படி ஏற முடியாமை, எலும்பை அழுத்தினால் வலி. இவை எல்லாம் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களும் சொல்லும் குறைகள்தாம். ஆகவே ஒன்றின் நிழலில் மற்றொன்று மறைந்துவிடுகிறது. மூட்டை மாற்றினால் மூட்டு வலி போகும். சத்துக் குறைவால் வந்த பலவீனம் அப்படியே இருக்கும்.

"வெயில் கொளுத்தும் நாட்டில் இது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். வெயில் நாட்டில் இருப்பது வேறு, வெயில் நம் தோலில் படுவது வேறு. நம் தோலின் கருமை இயற்கை தந்த குடை. அது தோலைக் காக்கிறது. அதே சமயம், வெள்ளைத் தோலுக்குப் போதும் வெயில் நமக்குப் போதாது. வயது எழுபதைத் தாண்டினால் அதே வெயிலில் தோல் உண்டாக்கும் சத்து இளமையில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலால் பயன் இல்லை. கண்ணாடி சூட்டை விடும், இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கோலாலம்பூரில் நடந்த ஆய்வுகளிலும் சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகளிலும், சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் இந்த அளவு குறைவாக இருப்பது தெரியவந்துள்ளது.

இன்னொன்று. நம்மில் பலர் விடியற்காலையில் எழுந்து நடக்கிறோம், சூரியனை வணங்குகிறோம். மிக நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் சூரியன் தாழ்ந்து இருக்கும்போது இந்தக் கதிர் மிகக் குறைவாகவே தரைக்கு வருகிறது. எளிய கணக்கு ஒன்று உண்டு. வெளியே நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் பயன் குறைவு. உங்களைவிடக் குட்டையாக இருந்தால் பயன் உண்டு. நம் நாட்டில் ஏறத்தாழ காலை பத்து மணிக்குப் பிறகுதான் நிழல் குட்டையாகும். அந்த நேரத்து வெயில் கடுமையானது. ஆகவே வாரத்தில் சில நாள், கையும் காலும் சற்று வெயிலில் படும்படி பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். தோல் எரியும் அளவுக்கு நிற்கக் கூடாது. தோல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஏனென்றால் நான் இங்கே மாத்திரை விற்க வரவில்லை.

இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த 139 முதியவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வைட்டமின் டி குறைவு இருந்தது. அப்படிக் குறைவு உள்ளவர்களின் நடமாட்டம் அறுவைக்கு முன்பே மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. அறுவைக்குப் பின் மெதுவாகத் தேறுவதற்கும், கிருமித் தொற்றுக்கும் இந்தக் குறைவோடு தொடர்பு இருப்பதாக வேறு ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு. கால் வலிப்பதால் வீட்டுக்குள் கிடக்கிறார், வீட்டுக்குள் கிடப்பதால் சத்துக் குறைகிறது என்றும் இருக்கலாம் அல்லவா? நோய் முற்றியவர்களுக்குச் சத்தும் குறைவாக இருக்கும், தேறவும் தாமதமாகும்.

மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் நம்மை அடக்கமாக இருக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் 2013இல் வெளியான ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 146 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தும் வலியும் குறையவில்லை, தேய்மானமும் நிற்கவில்லை. 25,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. குறைவு இருக்கிறதா என்று பாராமல் தினமும் 2,000 யூனிட் கொடுத்ததால் எலும்பு முறிவு குறையவில்லை. ஆகவே, குறைவு இல்லாதவருக்கு மேலும் கொடுப்பதால் மூட்டு வலி தீராது. வைட்டமின் டி மூட்டு வலிக்கு மருந்து அல்ல. வற்றிய கிணற்றுக்கு நீர் வேண்டும். நிறைந்த கிணற்றில் ஊற்றுவது வீண்.

வீண் மட்டும் அல்ல, சில வேளை கேடும் கூட. ஆஸ்திரேலியாவில் 2,200க்கு மேற்பட்ட மூதாட்டிகளில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே தடவையில் 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010ஆம் ஆண்டு முடிவு வந்தது. அதைச் சாப்பிட்டவர்கள்தாம் அதிகமாக விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகமாக எலும்பு முறிந்தது. அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறும், சிறுநீரகம் பாதிக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

என் அக்காவுக்கு மருத்துவர் எட்டு வாரம் வாரம் ஒரு பெரிய மாத்திரையும், பிறகு தினசரி சிறு அளவும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் பார்த்தார். அளவு 28 ஆகியிருந்தது. அதற்குள் அவர் கை ஊன்றாமல் எழத் தொடங்கியிருந்தார். எலும்பு வலி குறைந்தது. ஆறு மாதத்தில் படி ஏறினார். இதெல்லாம் மாத்திரையின் மகிமை என்று நான் சொல்லமாட்டேன். காலமும் உதவியது, பயிற்சியும் உதவியது. ஆனால் அந்த மூன்று மாத வேதனையையும், அதைவிட என் வாய்ச்சொல்லால் அவர் பட்ட மனவேதனையையும் முன்கூட்டியே ஒரு பரிசோதனை செய்திருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அறுவைக்கு முன் மூன்று மாதம்

உங்களில் யாராவது மூட்டு மாற்றுக்கு நாள் குறிக்கப்போகிறீர்கள் என்றால், மூன்று மாதம் முன்பே ஆயத்தம் செய்யுங்கள். வைட்டமின் டி அளவு உயர்ந்து நிலைபெற ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும்.

முதலாவது, நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பவரா, உடல் முழுதும் மூடி உடுத்துபவரா, சைவ உணவுக்காரரா, எழுபது தாண்டியவரா, தொடையில் பலம் இல்லையா? அப்படியானால், "எனக்கு வைட்டமின் டி பார்க்கவேண்டுமா, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவை இல்லை. 2024இல் வெளியான அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் நலமாக உள்ளவர்களுக்கு இதை வழக்கமாகச் செய்யவேண்டியதில்லை என்றே சொல்கிறது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பரிசோதனை இல்லாமலே சிறு அளவு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பரிசோதனைத் தாளில் ஒரு குழப்பம் வரும். சில கூடங்கள் நானோகிராம் என்றும், சில கூடங்கள் நானோமோல் என்றும் எழுதும். 20 நானோகிராமும் 50 நானோமோலும் ஒன்றே. எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவோ மகிழவோ வேண்டாம்.

இரண்டாவது, உணவு. மத்தி, கெம்போங் போன்ற கொழுப்புள்ள மீன்களில் இந்தச் சத்து உண்டு. டின் சார்டினிலும் உண்டு. முட்டை மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. சைவர்களுக்கு, வெயில் படும்படி வைத்த காளானும், இந்தச் சத்துச் சேர்த்த பால் மாவும் உதவும். டின்னில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எழுபது வயது வரை ஒரு நாளைக்கு 600 யூனிட்டும் அதற்கு மேல் 800 யூனிட்டும் தேவை என்பது பொதுக் கணக்கு. மருத்துவர் சொல்லாமல் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பக்தர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மென்மையான காப்ஸ்யூல் உறைகள் பல, மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. உள்ளே இருக்கும் டி3 சத்தும் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து தயாராவது. விரதம் இருப்பவர்கள் இது தெரிந்து பாதியில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவேண்டாம். மருந்தாளரிடம் கேளுங்கள். மாத்திரை வடிவிலும் சொட்டு மருந்தாகவும் கிடைக்கும். காளான் வகையிலிருந்து வரும் டி2 சத்தும், பாசிக்காளானிலிருந்து எடுக்கும் டி3 சத்தும் உண்டு. கேட்பதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது, மற்ற ஆயத்தங்கள். 2019ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. மூவினத்தாரில் நாம்தான் முதல். இதில் முதலாக வருவது பெருமை அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் அறுவைக்குப் போனால் புது மூட்டில் கிருமி தங்கும் அபாயம் கூடும். இரத்தச் சோகை, சொத்தைப் பல், புகைப் பழக்கம் இவற்றையும் முன்பே சரிசெய்யவேண்டும்.

நான்காவது, தொடைக்குப் பயிற்சி. கையுள்ள நாற்காலியில் அமர்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். படுத்த நிலையில் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து அதை அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடியுங்கள். அறுவைக்குப் பிறகும் இவைதாம் முதல் பாடம். அப்போது ஒரு தவறைச் செய்யாதீர்கள். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கக் கூடாது. அப்படியே மடங்கிய நிலையில் மூட்டு இறுகிவிடும், பிறகு கால் நேராகாது. பாசத்தால் பிள்ளைகள் செய்யும் தவறு இது.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நம் அறநிதி வசதியற்றவர்களின் அறுவைச் செலவுக்கு உதவிவருகிறது. எத்தனையோ குடும்பங்கள் அதை நன்றியோடு நினைக்கின்றன. அந்த உதவி ஒருநாள் காரியத்துக்குப் போகிறது. ஆனால் நோயாளி தேறுவதும் தேறாததும் அந்த ஒருநாளுக்கு முன் உள்ள மூன்று மாதத்திலும் பின் உள்ள மூன்று மாதத்திலும் தீர்மானமாகிறது. ஓர் இரத்தப் பரிசோதனை, சில வார மாத்திரை, பயிற்சிக்கு வாரம் இருமுறை போய்வர டாக்சிச் செலவு, வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடி. மூட்டுக் கருவியின் விலையோடு பார்த்தால் இவை சில்லறைக் காசு. ஆனால் போய்வர வண்டி இல்லாமல் பயிற்சியைப் பாதியில் விட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த மூட்டு காலுக்குள் இருக்க, அவர்கள் கட்டிலிலேயே இருந்தார்கள். ஆகவே அறுவைக்கு உதவி கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் இந்த முன்பின் செலவையும் சேர்த்தே கொடுக்கும்படி அறங்காவலர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தில் கைப்பிடி உள்ள நாற்காலிகள் சில கூடுதலாக இருந்தால் அதுவும் ஒரு தொண்டே. புது மூட்டுக்காரர் எழுவதற்கு ஊன்றிக்கொள்ள அது உதவும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பாட்டியை, அம்மாவை வாரத்தில் சில நாள் கீழே அழைத்துப்போய்ச் சற்று வெயிலில் உட்காரவையுங்கள். கூட உட்கார்ந்து பேசுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். "நடக்க முடியவில்லை" என்று அவர்கள் சொன்னால் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன், அதனால் சொல்கிறேன்.

பத்துமலையில் 272 படிகள். என் அக்கா இளமையில் பால்குடம் எடுத்து அத்தனையும் ஏறியவர். இப்போது அவர் ஏறுவதில்லை. அடிவாரத்தில் நின்று வணங்கிவிட்டு வருகிறார். ஆனால் எங்கள் ஊர்க் கோயில் பிரகாரத்தை வெள்ளிக்கிழமைதோறும் மூன்று சுற்று, யார் கையையும் பிடிக்காமல் சுற்றி வருகிறார். காலை பத்தரை மணிக்குத்தான் வருவார், பிரகாரத்தின் வெயில் பக்கமாகவே நடப்பார். ஒருநாள் நான் அவரிடம் அந்தப் பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அத விடு. அங்க கூட்டத்துக்குப் போறியே, அங்கயாவது ஒழுங்காச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

இறைவன் தந்த வெயில் எல்லோருக்கும் பொது. அது நம் பெரியவர்களின் எலும்பு வரை சென்று சேர நாம்தான் கதவைத் திறக்கவேண்டும்.